பத்து பாகை வலப்புறம்

தாடையை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னாள் மாக்டெல்ட்.
நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தச் சொன்னாள்.
குரோனிங்கனில், பல்கலைக்கழகத்தின் அடித்தளத்து அறை.
ஜன்னல் இல்லை. ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
மணிக்குப் பத்து யூரோ.
டிசம்பருக்குப் பிறகு நான் பஸ் எடுக்கவில்லை,
பணத்துக்காகப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

திரை நடுவில் ஒரு கரும்புள்ளி.
அதை மட்டும் பாருங்கள், ஹில்கே. எங்கும் போகாதீர்கள்.
பத்து பாகை வலப்புறம்
மங்கலாய் ஒரு கோடு வரும்,
அல்லது வராது.
வந்தால் இடது விசை.

வந்தது.
சாம்பலில் சாம்பலாக,
மூச்சுப் பட்ட கண்ணாடியில் யாரோ நகத்தால் கீறியது போல.
முதல் நூறு முறை எளிது.
பிறகு அதற்கு அண்டை வீட்டார் குடிவந்தார்கள்:
இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு,
இரண்டும் கறுத்தவை, தடித்தவை, தங்கள் இருப்பில் சந்தேகமற்றவை.
என் கோடு போயே போய்விட்டது.

அழிக்கவில்லை என்றாள்.
அதே வெளிச்சம், அதே இடம், அதே நீளம்.
அக்கம்பக்கம்தான் மாறியிருக்கிறது.
மேலும் கீழும் ஒரே வரிசையில் நின்றால்
மங்கிய கோட்டுக்குச் சில சமயம் தெம்பு வருமாம்.
அந்த உபகாரமெல்லாம் நடுப்பார்வைக்கு.
ஓரத்தில் அரிது.

கண்ணை மயிரிழை திருப்பினால் போதும், கோட்டைப் பிடித்துவிடலாம்.
திருப்பினால் கேமரா என்னைப் பிடித்துவிடும்.
ஒரு சிணுங்கல். அந்த முறை செல்லாது.

டிசம்பர் பதினெட்டு, மாலை ஐந்தேகால்,
ரயில் நிலையத்துக்குப் பின்புறத் திருப்பம்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது சிக்னலை.
வலப்புறம் சைக்கிள்கள், இருநூறோ முந்நூறோ,
ஹேண்டில்பாரில் ஹேண்டில்பார் பின்னிக்கொண்டு மழையில்.
அவற்றில் ஒன்று நின்றுகொண்டிருக்கவில்லை.
அதன் மேல் ஆலைட் இருந்தாள்.
பத்தொன்பது வயது. சாம்பல் நிற மழைக்கோட்டு.

காறை எலும்பு, இரண்டு விலா.
பிழைத்துக்கொண்டாள்.
காப்பீட்டுக்காரர் நீட்டிய தாளில் இரண்டு கட்டம்:
பார்த்தேன். பார்க்கவில்லை.
இருபத்திரண்டு வருடம் கண்ணும் கருத்துமாக ஓட்டியவன்,
இரண்டாவதில் டிக் போட்டேன்.

மூன்றாம் நாள் கோடுகள் இல்லை, எழுத்துகள்.
வந்ததா என்று கேட்கவில்லை. என்ன எழுத்து என்று கேட்டாள்.
பக்கத்துக்கு ஒன்றாய்க் காவல் எழுத்துகள்.
ஏதோ இருக்கிறது.
ஒன்றின் கால் இன்னொன்றின் வயிற்றில்,
வளைவு யாருடையது, கொம்பு யாருடையது?
இன்னதென்று சொல்ல வாயில்லை,
இல்லையென்று சொல்ல மனமில்லை.

கிண்ணத்தில் தாடை நடுங்கியது.
இது எனக்குத் தெரியும்.
இதே கலங்கல்தான், இதே ஏதோ.
கண்ணில் பட்டிருக்கிறாள்.
கருத்தில் படவில்லை.

இதற்கு விசை எது என்றேன்.
எதற்கு?
இருக்கிறது, ஆனால் என்னவென்று...
அதற்கு விசை இல்லை. ஊகித்து அழுத்துங்கள், ஊகமும் தகவல்தான்.

எவ்வளவு தள்ளி நின்றால் தெரியும்?
பார்க்கும் புள்ளியிலிருந்து அது எத்தனை தூரமோ
ஏறக்குறைய அதில் பாதி. அதற்குள் யாரும் வரக்கூடாது.
தேநீர் இடைவேளையில், பாலாடைக்கட்டி ரொட்டியின் உறை மேல்
கணக்குப் போட்டேன்.
அவள் நாற்பது பாகையிலாவது இருந்திருப்பாள்.
பக்கத்துக்கு இருபது பாகை வெற்றிடம்.
ஒரு வரிசை சைக்கிளையே எடுத்துவிட வேண்டும்.
இந்த ஊரில் யார் கொடுப்பார்கள் அவ்வளவு இடம்?
உறையைக் கசக்கி மாக்டெல்ட் கூடையில் போட்டாள்.
அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை.

வெளியே இருட்டு, தூறல்.
என் சைக்கிளை நேருக்கு நேர் ஒவ்வொன்றாய்ப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.
அந்தத் திருப்பத்துக்கே வந்தேன், வேறு வழியும் இருந்தது.
பஸ் நின்றுகொண்டிருக்கிறது.
டிரைவர் சிக்னலைப் பார்க்கிறார், நல்ல டிரைவர்,
வேறெங்கும் போகவில்லை அவர் கண்.
நான் அவருக்கு வலப்புறம்,
எனக்கு வலப்புறம் முந்நூறு சைக்கிள்.

மணியை அடித்தேன்.
கண்ணாடி மூடியிருந்தது.
இன்னொரு முறை அடித்தேன்.